வரப்பு போடச் சொல்வதற்கு முன்: களப்பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டாரத்தில் ஒரு சரிவுக் கொல்லை. மண் அரிப்பைத் தடுக்கச் சித்திரையில் களப்பணியாளர்களான நாங்கள் கூடவே நின்று போட்டுக் கொடுத்த மண் வரப்பைப் புரட்டாசி மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். நடுவில் ஆறடி அகலத்துக்கு உடைந்து கிடந்தது. உடைப்புக்குக் கீழே முழங்கால் ஆழத்துக்கு மண் அரித்திருந்தது. ஓரத்தில் கேழ்வரகுப் பயிர் வேர் தெரியத் தொங்கியது. "வரப்பு இல்லாத காலத்தில்கூட இவ்வளவு மண் போனதில்லை சார்" என்றார் கொல்லைக்குச் சொந்தக்கார அம்மா. அவர் குரலில் கோபம் இல்லாதது இன்றும் என்னை உறுத்துகிறது.

தவறு எங்களுடையது. அவருடைய ஒன்றரை ஏக்கரை மட்டும் அளந்தோம். மேலே பங்காளிகளின் மூன்று ஏக்கர் இருக்கிறதே, அங்கே பெய்யும் மழையும் இந்த வரப்பில்தானே வந்து முட்டும் என்று யோசிக்கவில்லை. ஒரு ஏக்கரில் ஓர் அங்குல மழை பெய்தால் அது சுமார் 1 லட்சம் லிட்டர் தண்ணீர். மிகுந்த நீர் வழிந்து போகக் கல் பதித்த ஒரு வாய் விட்டிருக்க வேண்டும். அதற்கும் முன்பாக மேட்டிலிருந்து வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். நீர்வடிப்பகுதி, அதாவது மழைநீர் ஒரே பள்ளத்துக்கு வடியும் நிலப்பரப்பு, அதன் வேலையில் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வருவது பாலபாடம். மேல் கொல்லைக்காரர்கள் இழுத்தடித்தார்கள் என்று, சம்மதித்தவர் நிலத்தில் இறங்கிவிட்டோம். விளைவு, அந்த ஊரில் அடுத்த பல பேர் வரப்பே வேண்டாம் என்றார்கள். உழவர் எங்கள் பேச்சைவிடப் பக்கத்துக் கொல்லையைத்தான் நம்புகிறார். நம்ப வேண்டியதும் அதைத்தான்.

"இவர்களுக்கு மண் அரிப்பைப் பற்றித் தெரியாது" என்ற நினைப்போடு ஊருக்குள் போவது இதைவிடப் பெரிய தவறு. விதைத்த சாமை கீழ்க்கோடியில் போய்க் குவிந்து முளைப்பதையும், வருடத்துக்கு வருடம் சரளைக் கல் மேலே வருவதையும் தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள். தெரிந்தும் செய்யாமல் இருக்கிறார்கள் என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

பாகப்பிரிவினையை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டு மண்ணும் பள்ளத்து மண்ணும் எல்லாருக்கும் கிடைக்கட்டும் என்று, சரிவின் போக்கிலேயே நீளவாக்கில் நிலத்தைப் பிரிப்பது உண்டு. நியாயமான பிரிவினைதான். ஆனால் மூன்று பிள்ளைகளுக்குப் பிரிந்த ஒரு ஏக்கர் சுமார் 20 மீட்டர் அகலத் துண்டுகளாகிவிடும். டிராக்டர் வாடகையோ மணிக்கணக்கு. குறுக்கே உழுதால் திரும்புவதிலேயே நேரமும் பணமும் போகும். ஆகவே நீளவாக்கில் உழுகிறார்கள். ஒவ்வொரு படைச்சாலும் (ஏர் கீறிய பள்ளக்கோடு) மழைநீர் ஓட ஒரு வாய்க்காலாகிவிடுகிறது. "சரிவுக்குக் குறுக்கே உழுங்கள்" என்று அச்சடித்த காகிதம் கொடுத்து இதை மாற்ற முடியாது. அண்ணன் தம்பிகள் ஒரே நாளில் ஒரே டிராக்டரை வைத்து, மூன்று துண்டையும் சேர்த்து உழச் சம்மதித்தால்தான் நடக்கும். அப்படியானால் பேச வேண்டியது மண்ணைப் பற்றி அல்ல, வீட்டு உறவைப் பற்றி.

இழப்புக் கணக்கைச் சொல்லாமல் லாபத்தை மட்டும் சொல்வதும் கூடாது. சதுரமான ஒரு ஏக்கரின் பக்கம் சுமார் 64 மீட்டர். ஒன்றரை மீட்டர் அடி அகலத்தில் குறுக்கே ஒரு வரப்பு போட்டால் சுமார் 2.4 சென்ட் போகும். மழைநீரைச் சேர்க்க நிலத்திலேயே வெட்டும் பண்ணைக்குட்டை 30 மீட்டருக்கு 30 மீட்டர் என்றால் 22 சென்ட். ஐந்து ஏக்கர்காரருக்கு அது பொருட்டல்ல. ஒரு ஏக்கர்காரருக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். அவர் மறுத்தால் அது பிடிவாதம் இல்லை, கணக்கு. அவருக்குச் சின்னக் குட்டை போதும். நீர் இறங்கிவிடும் செம்மண்ணில் தண்ணீரைத் தேக்கிவைத்துப் பாய்ச்ச வேண்டுமானால், அடியில் விரிப்பு போடும் செலவையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வரப்பில் நிலம் போவதை ஈடுகட்டுவது எது? என் அனுபவத்தில் புல். கொழுக்கட்டைப்புல்லை வரப்பில் நட்டுக் கொடுத்த இடங்களில் வரப்பு நிற்கிறது. மாட்டுக்குத் தீவனம், சொசைட்டியில் பால் பணம். மண் வளம் கூடும் என்பது பத்து வருடப் பேச்சு. புல் அடுத்த மழையிலேயே கையில் கிடைக்கும். இதை எனக்குச் சொன்னவர்கள் பெண்கள். களை எடுப்பவர்கள், மாடு பார்ப்பவர்கள் அவர்கள்தான். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரை மட்டும் கூட்டத்துக்கு அழைப்பது எத்தனை வீணான வேலை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு உழுபவரிடம் கல் வரப்பு பற்றிப் பேசுவதும் வீண். அடுத்த ஆடிப்பட்டம் அந்த நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவர் ஏன் கல் சுமக்க வேண்டும்? அவருக்குக் கோடை உழவு, மூடாக்கு (இலை தழையால் மண்ணை மூடுவது), ஊடுபயிராக மொச்சை என்று அந்தப் போகத்திலேயே பலன் தருவதைச் சொல்லலாம். கல் வேலைக்கு நிலத்துக்காரரையும் உட்கார வைக்க வேண்டும். மானியமும் அப்படித்தான்: பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும் குடும்பத்தை, அதைச் சரிசெய்ய உதவாமல் விண்ணப்பிக்கச் சொல்வது அலைக்கழிப்பு.

படித்தவர் ஏற்பார், படிக்காதவர் மறுப்பார் என்று முன்கூட்டியே பிரித்து வைக்காதீர்கள். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கே, எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே காரணம் கிடைக்கவில்லை. கல்வி, வயது, நில அளவு எல்லாம் ஓரிடத்தில் ஒருபக்கம் இழுக்கின்றன, இன்னோரிடத்தில் மறுபக்கம். கொல்லைக்குக் கொல்லை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எப்போது கேட்பது என்பதிலும் தவறுகிறோம். மாசி, பங்குனியில் அலுவலகத்துக்கு வசதி என்று கூட்டம் போடுவோம். அப்போது பலர் பெங்களூரிலும் ஓசூரிலும் கட்டட வேலையில் இருப்பார்கள். ஆடியில் போனால் விதைப்பு அவசரம். ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு எல்லாரும் வந்து சேர்வார்கள். பங்காளிகள் ஒரே திண்ணையில் கிடைப்பது அந்த வாரத்தில்தான். உடைந்த அந்த வரப்பை மறுபடி கட்டவும், மேல் கொல்லையில் முதலில் வேலை தொடங்கவும் சம்மதம் கிடைத்தது அப்படி ஒரு திருவிழாவின் மறுநாள் காலையில். பேச்சைத் தொடங்கிவைத்தவர் அந்த அம்மாதான்.