ரிவ்யூ கூட்டத்தில் பத்து நிமிடம் பேசுவது எப்படி? புதிய திட்ட மேலாளர்களுக்கான செய்முறை

புதிதாகப் பொறுப்பேற்ற திட்ட மேலாளர் பேச வேண்டிய இடம் பெரும்பாலும் திட்டத்தின் நிலையை ஆராய மாதந்தோறும் நடக்கும் ரிவ்யூ கூட்டம்தான். எதிரே கிளையன்ட் தரப்பு அதிகாரிகளும், பணம் ஒதுக்கும் ஸ்பான்சரும், சில வேளைகளில் உங்கள் நிறுவனத்தின் இயக்குநரும் அமர்ந்திருப்பார்கள். திட்டம் எந்த நிலையில் இருக்கிறது, தாங்கள் எதை முடிவுசெய்ய வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளவே அவர்கள் வருகிறார்கள். ஆகவே பேச்சுப் பயிற்சிகளில் முதலில் சொல்லித்தரப்படும் குரல் ஏற்றத்தாழ்வையும் கையசைவையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எதை முதலில் சொல்வது, எதைப் பின்னால் வைப்பது என்ற வரிசைதான் இத்தகைய பேச்சின் உயிர்.

முதல் படி: கேட்கப் போவதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

ஸ்லைடு எதையும் திறப்பதற்கு முன், கூட்டம் முடியும்போது அவர்கள் எதற்கு ஒப்புதல் தர வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு கற்பனைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனை ஒன்றுக்குப் புதிய பில்லிங் மென்பொருள் தயாராகிறது; ஜூலை 1 அன்று அது பயன்பாட்டுக்கு வர வேண்டும். பழைய பதிவேட்டில் ஒரே நோயாளியின் விவரம் இரண்டு மூன்று முறை பதிவாகியிருப்பதால், அவற்றைச் சரிசெய்ய மூன்று வாரம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. இங்கே எழுத வேண்டிய வாக்கியம் இது: “புறநோயாளிப் பிரிவை ஜூலை 1 அன்றே தொடங்கிவிட்டு, உள்நோயாளிப் பிரிவை ஜூலை 22-க்கு மாற்ற ஒப்புதல் வேண்டும்.” இப்படி ஒரு வாக்கியம் எழுத வரவில்லை என்றால், அந்தக் கூட்டத்துக்குப் பேச்சே தேவையில்லை, ஒரு மின்னஞ்சல் போதும்.

இரண்டாம் படி: கெட்ட செய்தியை மேலே கொண்டுவாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்வார்கள்: எப்போது தொடங்கினோம், என்னென்ன முடித்தோம், குழு எவ்வளவு உழைத்தது என்று போய், தாமதச் செய்தி ஒன்பதாவது நிமிடத்தில் வெளிவரும். அதற்குள் பாதிப் பேர் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். தற்போதைய நிலை, அதற்கான காரணம், அதனால் தேதியிலும் செலவிலும் ஏற்படும் விளைவு, முன்னிருக்கும் வழிகள், நீங்கள் பரிந்துரைக்கும் வழி என்ற வரிசையில் முதல் இரண்டு நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். மீதி நேரம் அதை விளக்குவதற்கு.

முக்கியமான செய்தி கீழே புதைந்தால் என்ன ஆகும் என்பதற்கு, 2003-இல் நேர்ந்த கொலம்பியா விண்கல விபத்துக்குப் பின் விசாரணைக் குழு எடுத்துக்காட்டிய ஒரு ஸ்லைடு சான்றாக இருக்கிறது. ஜனவரி 16 அன்று விண்கலம் ஏவப்பட்டபோது, வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. அதன் பாதிப்பை மதிப்பிட்ட பொறியாளர்கள் நாசாவுக்குக் காட்டிய அந்த ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகள் பாதுகாப்பான பக்கமே இருக்கின்றன என்ற எண்ணத்தைத் தந்தது. ஆனால் அதே ஸ்லைடின் அடியில், மோதியதாக மதிப்பிடப்பட்ட துண்டின் கனஅளவு 1920 கன அங்குலம் என்றும் சோதனையில் பயன்பட்டது 3 கன அங்குலம் என்றும் ஒரு சிறு வரி இருந்தது. அதாவது, சோதித்துப் பார்த்ததைவிட 640 மடங்கு பெரிய துண்டு. இதைப் படிக்கும் ஒரு மூத்த மேலாளர் உயிருக்கே ஆபத்தான நிலை இது என்று உணராமல் போக இடமுண்டு என விசாரணைக் குழு எழுதியது. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் விண்கலம் சிதறி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் இறந்தனர். விபத்துக்கு அந்த ஸ்லைடு மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த 640 என்ற எண் தலைப்பில் இருந்திருக்க வேண்டியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

உங்கள் ஸ்லைடுக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள். தலைப்பை மட்டும் படித்தால் உண்மை நிலை விளங்குகிறதா? “பில்லிங் திட்டம்: முன்னேற்றம்” என்ற தலைப்பு எதையும் சொல்வதில்லை. “உள்நோயாளிப் பிரிவு மூன்று வாரம் தாமதம், புறநோயாளிப் பிரிவு குறித்த தேதியில்” என்ற தலைப்பு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

மூன்றாம் படி: சதவீதத்தை நம்பாதீர்கள்

“வேலை 90 சதவீதம் முடிந்துவிட்டது” என்பது மென்பொருள் துறையில் மாதக்கணக்கில் மாறாமல் நிற்கக்கூடிய ஒரு வாக்கியம். மீதமுள்ள பத்து சதவீதத்தில்தான் டெஸ்டிங்கும் பழைய தரவைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுவதும் பயனர் பயிற்சியும் கிடக்கும். முடிந்ததன் அளவைச் சொல்வதைவிட, மிச்சமிருக்கும் வேலைகளைப் பெயர் சொல்லி, ஒவ்வொன்றும் முடியும் தேதியோடு கூறுங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிலையைக் காட்டும் வழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால், எந்த அளவைத் தாண்டினால் மஞ்சள் என்பதைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே பேசி முடிவுசெய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கூட்டத்தில் பாதி நேரம் நிறத்தைப் பற்றிய விவாதத்திலேயே கழியும்.

நான்காம் படி: வாய்விட்டுப் பேசி, கடிகாரம் பாருங்கள்

மனத்துக்குள் படித்துப் பார்ப்பது பயிற்சி ஆகாது. கைப்பேசியில் பதிவுசெய்தபடி முழுப் பேச்சையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலப் பேச்சுக்கு நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று சொல்லப்படும் கணக்கு தமிழுக்குப் பொருந்தாது. நம் சொற்கள் நீளமானவை, ஆகவே கடிகாரமே அளவு. பத்து நிமிடம் ஒதுக்கப்பட்டிருந்தால் ஏழு நிமிடத்துக்கே தயாரியுங்கள், ஏனெனில் முன்னால் பேசுபவர் உங்கள் நேரத்திலும் சிறிது எடுத்துக்கொள்வார்.

கேட்பதற்கு ஆள் வேண்டும் என்றால் டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றங்களை நாடலாம். 1924-இல் அமெரிக்காவின் சாண்டா ஆனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய இந்த அமைப்புக்குச் சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற நகரங்களிலும் மன்றங்கள் உள்ளன. ஐந்து முதல் ஏழு நிமிடப் பேச்சில், ஐந்தாவது நிமிடம் பச்சை, ஆறாவதில் மஞ்சள், ஏழாவதில் சிவப்பு என்று விளக்கோ அட்டையோ காட்டுவார்கள். “அ…”, “ம்…” என்று இழுப்பதை எண்ணவும் ஒருவர் இருப்பார். முன்னறிவிப்பின்றித் தரப்படும் தலைப்பில் ஓரிரு நிமிடம் பேசும் பகுதியும் உண்டு. திட்ட மேலாளருக்கு மிகவும் பயன்படுவது அதுதான் என்பேன், ஏனெனில் கூட்டத்தில் கடினமான கேள்விகள் அப்படித்தான் வந்து விழுகின்றன.

படபடப்பைப் பற்றிச் சுருக்கமாக: முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், மற்றவற்றைக் குறிப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள். காணொளிக் கூட்டம் என்றால், திரையில் தெரியும் முகங்களைப் பார்க்காமல் கேமராவைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: கேள்விகளுக்குத் தனியாகத் தயாராகுங்கள்

உங்களுக்கு வரக்கூடாது என்று நீங்கள் நினைக்கும் மூன்று கேள்விகளை எழுதுங்கள். பெரும்பாலும் அவைதான் வரும். நம் எடுத்துக்காட்டில், “இந்தத் தரவுக் கோளாறு முன்பே தெரியாதா?” என்பது உறுதியாகக் கேட்கப்படும். இதற்குப் பதில் தற்காப்பாக அமையக்கூடாது; எப்போது தெரிந்தது, அன்றிலிருந்து என்ன செய்தோம் என்ற இரண்டையும் தேதியோடு சொல்லி நிறுத்துங்கள். நிறுத்துவதுதான் கடினம், மௌனத்தை நிரப்பப் பேசும் அடுத்த வாக்கியத்தில்தான் தேவையற்ற வாக்குறுதி வெளிவரும். பதில் தெரியாத கேள்விக்கு, “இந்த எண்ணிக்கை இப்போது என்னிடம் இல்லை, நாளை மாலை 4 மணிக்குள் அனுப்புகிறேன்” என்று நேரத்தோடு சொல்லுங்கள். ஒருபோதும் குழுவில் உள்ள ஒருவரின் பெயரைச் சொல்லிக் காரணம் காட்டாதீர்கள். அறையில் இல்லாதவரைக் குறை சொல்லும் மேலாளரைக் கிளையன்ட்டும் நம்ப மாட்டார், குழுவும் நம்பாது.

ஆறாம் படி: அன்றே எழுத்தில் அனுப்புங்கள்

கூட்டம் கலைந்ததும், எடுக்கப்பட்ட முடிவு, அதைச் செய்ய வேண்டியவர், முடிக்க வேண்டிய தேதி ஆகிய மூன்றையும் நாலைந்து வரிகளில் எழுதி, வந்திருந்த அனைவருக்கும் அன்று மாலைக்குள் அனுப்புங்கள். ஒப்புதல் வாய்மொழியாக மட்டும் கிடைத்திருந்தால், அந்த மின்னஞ்சலுக்கு ஸ்பான்சரிடமிருந்து ஒரு பதிலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.