ஐசியூ கிட்னி நோயாளியின் ரிப்போர்ட்டில் அல்புமின்: எப்படிப் பார்ப்பது?

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் தேடுவது கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினைத்தான். அப்புறம்தான் அல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் வரி கண்ணில் படும், 2.1 என்று போட்டு பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. உடனே "சத்துப் பத்தவில்லை, முட்டை வெள்ளைக்கரு கொடுக்கலாமா" என்று நர்ஸிடம் ஓடுவோம். கொஞ்சம் நில்லுங்கள்.

முதலில் அளவு. டெசிலிட்டருக்கு 3.5 முதல் 5 கிராம் வரை சரியான அளவு. சில லேப்களில் லிட்டர் கணக்கில் போடுவார்கள், அங்கே 21 என்றால் இதே 2.1 தான். மொத்தப் புரதம் 6-க்கு மேல் இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் வேண்டாம். அதில் குளோபுலின் என்ற இன்னொரு வகைப் புரதமும் சேர்ந்திருக்கிறது, தொற்று இருந்தால் அது ஏறி அல்புமினின் சரிவை மறைத்துவிடும்.

சரி, ஏன் இறங்கியது? கல்லீரல் செய்யும் அல்புமின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 20 நாள் ஆகும், அதனால் இரண்டு நாள் சாப்பிடாததால் 3.8 ஒரேயடியாக 2.3 ஆகிவிடாது. கடுமையான தொற்றிலும் அழற்சியிலும் ரத்தக்குழாய்கள் கசிந்து அல்புமின் வெளியே போய்விடுகிறது, கல்லீரலும் அதை விட்டுவிட்டு சிஆர்பி (அழற்சியில் ஏறும் புரதம்) போன்றவற்றைச் செய்யப் போய்விடுகிறது, போதாக்குறைக்கு ஏற்றிய சலைன் மிச்சத்தை நீர்க்க வைக்கிறது. சிலருக்குச் சிறுநீரிலும் போகும். ஆக, அந்த எண் காட்டுவது பெரும்பாலும் நோயின் உக்கிரத்தை. அல்புமின் குறைவாக உள்ளவர்களில் இறப்பு அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வதும், ஐசியூ நோயாளியின் ஆபத்தைக் கணிக்கும் அபாச்சே 3 மதிப்பெண்ணில் அதைச் சேர்த்திருப்பதும் இதனால்தான். அதற்காக உங்கள் வீட்டு நோயாளிக்கான தீர்ப்பு அந்த ஒரு வரியில் இல்லை.

ஒரு நோட்டில் தேதி போட்டு அல்புமின், சிஆர்பி, முந்தைய நாள் உள்ளே போன திரவம், வெளியே வந்த திரவம் நான்கையும் எழுதி வையுங்கள். சிஆர்பி இறங்கிக்கொண்டே வந்து அல்புமின் 2.2-லேயே நின்றால் பயப்படாதீர்கள், அது எப்போதும் மெதுவாகத்தான் ஏறும். டயாலிசிஸில் நிறைய நீர் எடுத்த மறுநாள் எண் கூடியிருந்தால் அதைக் கொண்டாடவும் வேண்டாம், நீர் குறைந்ததால் ரத்தம் கெட்டிப்பட்டிருக்கலாம்.

"அல்புமின் பாட்டில் போட்டால் ஏறிவிடுமே?" ஏறும். 20 சதவீத பாட்டில் 100 மில்லியில் 20 கிராம் இருக்கிறது, விலையும் சில ஆயிரம். ஆனால் 2004-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் கிட்டத்தட்ட 7000 ஐசியூ நோயாளிகளிடம் சலைனோடு ஒப்பிட்டுப் பார்த்த சேஃப் ஆய்விலும், கடும் செப்சிஸில் (தொற்றால் உடலுறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) 2014-இல் வெளியான இத்தாலியின் ஆல்பியோஸ் ஆய்விலும் உயிர் பிழைப்போர் எண்ணிக்கை கூடவில்லை. கல்லீரல் சுருக்க நோயால் கிட்னி கெட்டவர்கள் கதை வேறு, அவர்களுக்கு அது சிகிச்சையின் பகுதியே. எனவே வேண்டாம் என்று அடம்பிடிக்காமல், எதற்காகப் போடுகிறீர்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

உணவு விஷயத்தில் "கிட்னிக்குப் புரதம் ஆகாது" என்ற வீட்டு வைத்தியத்தை ஐசியூவுக்குள் கொண்டுபோகாதீர்கள். டயாலிசிஸில் இருப்பவருக்கு எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் என்பது கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பின் 2012 வழிகாட்டுதல், அதாவது 60 கிலோ ஆளுக்கு 60-90 கிராம். ட்யூப் வழியாக இன்று எவ்வளவு போனது என்று டயட்டீஷியனிடம் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. அல்புமின் குறைந்தால் மொத்த கால்சியமும் குறைவாகத் தெரியும், அதனால் அல்புமினோடு ஒட்டாமல் உடலுக்குப் பயன்படும் அயனி கால்சியத்தைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். வலிப்புக்கு ஃபெனிடாயின் போகிறதென்றால் அதன் ரத்த அளவையும் அப்படியே நம்ப முடியாது, அல்புமினோடு ஒட்டாத மருந்தின் பங்கு கூடிவிடுவதால், பார்க்கச் சரியாக இருந்தாலும் உள்ளே மருந்து தேவைக்கு மேல் வேலை செய்துகொண்டிருக்கலாம்.