அண்டார்டிகா மண்ணில் சேலத்துப் பூஞ்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி பிறந்தால் எங்கள் பக்கம் எம்.எஸ்சி. புராஜெக்ட் சீசன். துருவப் பூஞ்சை என்று தலைப்பு எடுத்து வருகிறவர்கள் வருடத்துக்கு ஒன்றிரண்டு பேராவது இருப்பார்கள். பயணக் குழுவில் போய் வந்த யாராவது கொடுத்த மண்ணோ பனிக்கட்டியோ கையில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு அவர்கள் செய்கிற தவறுகள் எல்லாம் எங்கள் செட் அந்தக் காலத்தில் செய்தவையேதான். கையுறை போடு, ஆட்டோகிளேவை 121 டிகிரியில் 15 நிமிடம் ஓட்டு என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர்கள் முதலில் ஊர் ஏரித் தண்ணீரை எடுத்துப் பழகட்டும்.

அறை வெப்பத்தில் வளர்ப்பது

பூஞ்சை என்றாலே கை தானாகப் போய், வெப்பத்தை ஒரே அளவில் வைக்கும் இன்குபேட்டர் பெட்டியை 28 டிகிரிக்குத் திருப்பிவிடுகிறது. 1975இல் நுண்ணுயிரியலாளர் மொரீட்டா வகுத்த கணக்குப்படி, குளிர்விரும்பி என்றால் 15 டிகிரியிலோ அதற்குக் கீழோதான் செழிக்க வேண்டும். 20ஐத் தாண்டினால் வளரக் கூடாது. 0 டிகிரியிலும் வளர வேண்டும். மிராக்கியா, கிளேசியோசைமா போன்ற ஈஸ்ட்டுகள் இந்த ரகம். இவற்றை 28இல் வைத்தால், அகார் (பூஞ்சை வளர்க்கும் கூழ்) ஊற்றிய தட்டு வெறுமையாகவே இருக்கும். 'ஒன்றும் இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். துருவங்களில் கிடைக்கும் இழைப்பூஞ்சைகளில் பெரும்பாலானவை குளிரைப் பொறுத்துக்கொள்பவை, அவ்வளவுதான். 20க்கு மேலும் வளரும். அதனால் 28இல் வைத்தவருக்கும் ஏதோ ஒன்று கிடைத்துவிடுகிறது, தவறு வெளியே தெரிவதில்லை. 4, 15, ஒப்பிட 25 என்று மூன்றிலும் வையுங்கள்.

ஏற்காட்டுப் பையன் ஒருவன், "எங்க வீட்டுலயே குளிர் இருக்குதுங்க சார், அங்கயே வெச்சுக்கறேன்" என்றான். 1,500 மீட்டர் உயரம், டிசம்பரில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். மிராக்கியாவுக்கு அது கத்திரி வெயில்.

இன்னொன்று. கரண்ட் போனால் குளிர் இன்குபேட்டர் ஏப்ரல் மாதச் சேலத்தில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் பதிந்து வைக்கும் வெப்பமானி ஒன்றை உள்ளே போட்டு வையுங்கள். காலையில் 15 காட்டினால் ராத்திரியும் 15தான் இருந்தது என்று அர்த்தமில்லை.

ஒரு வாரத்தில் தட்டைத் தூக்கிப் போடுவது

கூடாது. பாறைக்குள் வாழும் கிரையோமைசஸ் அண்டார்க்டிகஸ், கடுகில் பாதி அளவுக் கறுப்புப் புள்ளியாகக் கண்ணில் படவே மாதக்கணக்காகும். பாராஃபிலிம் என்ற மெழுகுப் படலத்தைத் தட்டில் சுற்றிவிட்டுக் காத்திருங்கள்.

பிளாங்க் வைக்காதது

பிளாங்க் என்றால் மாதிரி எதுவும் போடாமல், மற்றதெல்லாம் அதேபோல் செய்து வைக்கும் ஒப்பீட்டுத் தட்டு அல்லது குழாய். அதை வைக்காததைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

ஆத்தூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி, நல்ல உழைப்பாளி. ஒரு நாள் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "சார், அண்டார்டிகா மண்ணுல ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் வந்திருக்குதுங்க!" தட்டு நிறையக் கறுப்புப் பொடி. மூடியைத் திறக்காமலே தெரிந்தது, சந்தேகமில்லாமல் நைஜர்தான். "பிளாங்க் எங்கம்மா?" என்றேன். "அகார் வேஸ்ட் ஆகுமேன்னு வைக்கலைங்க சார்."

அவள் வேலை பார்த்த அறையின் ஜன்னலுக்குக் கீழே கேன்டீன் ஸ்டோர். அங்கே பெரிய வெங்காய மூட்டைகள். வெங்காயத்தின் வெளித்தோலில் கரி அப்பினாற்போல் இருக்குமே, அதுதான் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர். வெறும் அகார் தட்டு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதே மேஜையில் ஃபேன் ஓட, ஒரு டீ குடிக்கும் நேரம் திறந்து வைத்தோம். இரண்டு நாளில் அதிலும் அதே கறுப்பு. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நைஜர் 37 டிகிரியிலும் கொழித்து வளரும் ஆள் என்பதால் சந்தேகம் உடனே வந்தது. உண்மையில் ஆபத்து கிளாடோஸ்போரியமும் பெனிசிலியமும்தான். சேலத்துக் காற்றில் எந்நேரமும் இருப்பவை. துருவத்திலும் நிஜமாகவே வாழ்பவை. ஆர்க்டிக் தீவுக் கூட்டமான ஸ்வால்பார்டின் பனியாற்றுக் கட்டிகளிலிருந்து பெனிசிலியம் க்ரஸ்டோசம் ஏராளமாகக் கிடைத்திருக்கிறது. ஆகவே பேரினத்தின் பெயரை வைத்து இது அங்கிருந்து வந்தது, இது இங்கே ஒட்டியது என்று பிரிக்கவே முடியாது. பிளாங்க் ஒன்றுதான் சாட்சி.

தோட்ட மண்ணில் இந்தத் தவறு அவ்வளவு கெடுதல் செய்யாது. அதில் பூஞ்சை கொட்டிக் கிடக்கிறது. வெளியிலிருந்து நாலைந்து வித்து விழுந்தால் கணக்கில் தெரியாது. அண்டார்டிகாவின் மெக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்கு போன்ற இடத்து மண்ணில் இருப்பதே சொற்பம். அங்கே நாலைந்து வித்து விழுந்தால் அதுதான் பெரும்பான்மை.

பெரிய இடத்திலும் இதே தலைவலிதான். 2012 பிப்ரவரியில் ரஷ்யர்கள் சுமார் 3,770 மீட்டர் பனியைத் துளைத்து, அண்டார்டிகாவில் பனிக்கு அடியில் கிடக்கும் வோஸ்டாக் ஏரியைத் தொட்டார்கள். துளை மூடிக்கொள்ளாமல் இருக்க உள்ளே மண்ணெண்ணெயும் ஃப்ரியானும் கலந்த திரவத்தை நிரப்பியிருந்தார்கள். அந்தத் திரவத்திலும் நுண்ணுயிர்கள் உண்டு. மேலே வந்த மாதிரியில் எது ஏரியுடையது, எது திரவத்துடையது என்று சர்ச்சை கிளம்பியது. துளைத்து எடுத்த பனித்தூண்களில் வேலை செய்கிறவர்கள் வெளிப்புறத்தில் ஒளிரும் நுண்மணிகளையோ அடையாளம் தெரிந்த ஒரு பாக்டீரியாவையோ வேண்டுமென்றே பூசுவார்கள். பிறகு வெளி அடுக்கைச் சீவிவிட்டு உள்ளே உருக்கிப் பார்ப்பார்கள். பூசியது உள்ளே தெரிந்தால் அந்தத் துண்டு போயிற்று.

நம் அளவுக்கு இவ்வளவு போதும். மாதிரி எடுத்த இடத்தில் ஒரு காலிக் குப்பியைத் திறந்து மூடியிருக்க வேண்டும். எடுத்தவரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். கூடவே திறக்காமல் பயணம் செய்த சுத்த நீர்க் குப்பி ஒன்று. லேமினாரில் (வடிகட்டிய காற்று வீசும் வேலைப்பெட்டி) நீங்கள் வேலை செய்யும் நேரம் முழுக்கத் திறந்திருக்கும் ஒரு தட்டு. டிஎன்ஏ எடுக்கும்போது மண் போடாத ஒரு குழாய், ஏனென்றால் டிஎன்ஏ பிரிக்கும் கிட்டுக்குள்ளேயே அந்நிய டிஎன்ஏ இருக்கும். பிசிஆரில் (டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் முறை) டிஎன்ஏ போடாத ஒரு குழாய். பிளாங்கில் வந்தது மாதிரியிலும் வந்திருந்தால் அதை அறிக்கையில் மறைக்காமல் எழுதுங்கள்.

முதலில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து மண்ணில் கை பழகுங்கள் என்று நானே சொல்வதுண்டு. ஆனால் அதைத் திறந்த அதே லேமினாரில் அதே நாளில் துருவ மண்ணைத் திறக்காதீர்கள். தோட்டத்துக்குப் போட்டுப்போன சட்டையோடும் வராதீர்கள்.

அந்த மாணவி டியூபில் இருந்த மண் முழுவதையும் அந்தத் தட்டுகளிலேயே தீர்த்துவிட்டாள். அதுதான் எனக்கு ஆறவில்லை. கப்பல் அங்கே போய்ச் சேருவது அவர்களுடைய கோடையில் மட்டும். 2022இல் இந்திய அண்டார்டிக் சட்டம் வந்த பிறகு மாதிரி எடுக்க அனுமதியும் வாங்க வேண்டும். கொடுத்தவரிடம் போய் இன்னொரு பிடி கொடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? பாதியைத் தொடாமல் மைனஸ் 80இல் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மேஜை மேல் உருக்குவது

உறைந்த மாதிரியை 4 டிகிரியில், மெதுவாக உருக்குங்கள். திரும்ப உறைய வைக்காதீர்கள்.

உலர்பனியைக் காற்றுப் புகாமல் அடைப்பது

உறைந்த கார்பன் டை ஆக்சைடு அது, வாயுவாகி வெடிக்கும்.

டிஎன்ஏ கிடைத்ததும் உயிரோடு இருக்கிறது என்பது

குளிரும் வறட்சியும் டிஎன்ஏவை நெடுங்காலம் காப்பாற்றிவிடும். வேறு கண்டத்திலிருந்து காற்றில் போய் விழுந்து செத்த வித்தும் உங்கள் ஐடிஎஸ் (பூஞ்சை இனத்தை அடையாளம் காட்டும் டிஎன்ஏ பகுதி) பட்டியலில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். 'இங்கே இவை வாழ்கின்றன' என்று எழுதுவதற்கு முன், செல் செத்ததும் சீக்கிரம் சிதைந்துவிடும் ஆர்என்ஏவைப் பாருங்கள். அல்லது பிஎம்ஏ சாயம் போட்டுப் பாருங்கள். அது சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டும் போய் அந்த டிஎன்ஏவைப் பிசிஆருக்குச் சிக்காமல் செய்துவிடும். அதற்காகத் தட்டில் வளராததெல்லாம் செத்தது என்றும் முடிவு கட்டாதீர்கள்.

மனிதரோடு வந்தது என்று ஒதுக்குவது

இது எதிர்ப்பக்கத் தவறு. துருவப் பயணிகளான ஷாக்கிள்டன் குழு 1908இலும் ஸ்காட் குழு 1911இலும் அண்டார்டிகாவின் ராஸ் தீவில் கட்டிய மரக் குடில்கள் இன்னும் நிற்கின்றன. அந்த மரத்தைக் கடோஃபோரா என்ற பூஞ்சை அரித்துக்கொண்டிருக்கிறது. மரமே முளைக்காத நாட்டில் மரந்தின்னிப் பூஞ்சையா, பலகையோடு கப்பலில் வந்திருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் குடில்களை விட்டு விலகிய இடங்களின் மண்ணிலும் அது கிடைத்திருக்கிறது. யூகத்தை முடிவாக எழுதாதீர்கள்.

வளர்ப்பைச் சாகவிடுவது

வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்ததும் தட்டுகள் குப்பைக்குப் போகின்றன. அண்டார்டிகாவின் வான்டா ஏரி வண்டலில் கிடைத்த ஒரு ஈஸ்ட்டுக்குப் பின்னாளில் கேண்டிடா அண்டார்க்டிகா என்று பெயர் வந்தது. கொழுப்பைப் பிரிக்கும் அதன் லிபேஸ் பி நொதி இன்று உலகமெங்கும் தொழிற்சாலைகளில் ஓடுகிறது. யாரோ அதை உயிரோடு வைத்திருந்ததால்தானே? 20 சதவீதக் கிளிசராலில் கலந்து மைனஸ் 80இல் இரண்டு குப்பி வையுங்கள். இன்னொன்றைப் புனேயில் அகர்கர் ஆய்வு நிறுவனத்தில் இருக்கும் தேசியப் பூஞ்சை வளர்ப்புச் சேகரிப்புக்கு அனுப்புங்கள். அங்கிருந்து சேர்க்கை எண் வரும்வரை ஆய்வேட்டைப் பைண்டிங்குக்குக் கொடுக்காதீர்கள்.