போனில் தெருக்காட்சி எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

காய் வாங்கப் போகும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது கண்ணில் பட்டதைப் போனில் எடுக்கிறோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் சப்பென்று இருக்கிறது. உடனே புதுப் போன் வாங்கக் கிளம்ப வேண்டாம். முதலில் லென்ஸைத் துடையுங்கள். சட்டைப் பையிலும் கைப்பையிலும் கிடக்கும் போனில் விரல் பிசுக்கு ஒட்டாமல் இருக்காது. விளக்கு வெளிச்சம் புகைமூட்டமாகப் பரவித் தெரிவது பெரும்பாலும் அதனால்தான்.

பெரிய தவறு, நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடக்கப் பார்ப்பது. பூக்கடை ஒன்று உங்களை நிறுத்துகிறது. எடுத்த படத்திலோ கடையோடு ஸ்கூட்டர், மின்கம்பம், அரசியல் பேனர் எல்லாம் இருக்கும். பூ ஒரு மூலையில் கிடக்கும். உங்களை நிறுத்தியது எது? குவிந்து கிடக்கும் மல்லிகையா, சரம் தொடுக்கும் விரல்களா, முழம் போடும் கையா? அதை முடிவு செய்துவிட்டு இரண்டடி முன்னால் போங்கள். திரையை விரலால் இழுத்து ஜூம் செய்வது முன்னால் போனதாக ஆகாது. போனில் இருக்கும் லென்ஸின் எல்லையைத் தாண்டினால், அது படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதற்காகப் பூவில் முட்டுகிற அளவுக்கும் போகக் கூடாது, ஃபோகஸ் ஆகாது. கொஞ்சம் பின்வாங்கி 2x, அதாவது இரு மடங்கு ஜூம் மட்டும் வைத்து எடுத்தால் தெளிவாக விழும்.

அந்த மல்லிகையிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. எதைக் காட்டினாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான் கேமரா பார்க்கும். திரை முழுக்க வெள்ளைப் பூ என்றால் சாம்பல் பூசிவிடும்; கறுத்த எருமை என்றால் வெளுக்க வைத்துவிடும். திரையில் அந்த இடத்தைத் தொட்டால் பல போன்களில் சூரியன் போல ஒரு குறி வரும். பூவுக்கு அதை மேலே இழுங்கள், எருமைக்குக் கீழே.

வெயில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் எடுப்பதும் சகஜம். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரத்தை மாலையில் அதன் முன்னால் நின்று எடுத்தால், சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும், சிற்பங்கள் இருட்டாகிவிடும். அதைக் காலையில் எடுக்க வேண்டும். மாலையில் போனால் குளக்கரைக்குப் போய்விடுங்கள். குளம் கோயிலுக்கு மேற்கே இருப்பதால் வெயில் உங்கள் முதுகுப் பக்கம் வந்துவிடும். கோபுரத்தடியில் நின்று அண்ணாந்து எடுக்காதீர்கள். மேலே போகப் போகக் குறுகும்படி கட்டிய கோபுரம், படத்தில் இன்னும் குறுகிப் பின்னால் சாய்ந்து நிற்கும். தள்ளி நின்று எடுப்பதே நல்லது. அப்புறம், தமிழகக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்ய வேண்டும் என்று 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் வாசலில் போனை ஒப்படைக்கச் சொன்னால் வாக்குவாதம் வேண்டாம்.

இரவுக் கடைவீதியில் ஃபிளாஷ் போட்டால் முன்னால் இருப்பவர் முகம் மட்டும் வெளுக்கும், கடை விளக்குகளின் அழகு போய்விடும். நைட் மோடில் சில விநாடி போனை அசைக்காமல் பிடிக்க வேண்டும்; நடந்து போகிறவர்கள் அதில் கலங்கித்தான் தெரிவார்கள். சில எல்இடி விளக்குகளின் கீழே படத்தில் பட்டைப் பட்டையாகக் கோடு விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுழற்சி; சுழற்சிக்கு இரண்டு முறை வீதம் அந்த விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. கேமரா அமைப்புகளை நாமே மாற்றும் புரோ மோட் இருந்தால் ஷட்டரை, அதாவது வெளிச்சம் பதியும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள், கோடு போய்விடும்.

மனிதர்களைத் தூரத்திலிருந்து திருட்டுத்தனமாக எடுப்பது எனக்குப் பிடிப்பதில்லை. "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பலரும் சரி என்பார்கள். கேட்டதும் நிமிர்ந்து போஸ் கொடுப்பார்கள், அது ஒரு தொல்லைதான். அந்தப் படத்தையும் எடுத்துக் காட்டிவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் நில்லுங்கள். அவர்கள் வேலைக்குத் திரும்பிய பிறகு எடுப்பதுதான் நன்றாக வரும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். குழந்தைகள் என்றால் கூட இருக்கும் பெரியவரிடம் கேட்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்து எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். எச்டி என்பதைத் தொட்டு அனுப்புங்கள். பிரிண்ட் போடக் கொடுப்பதென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.