வாய் துர்நாற்றம்: காரணமும் தடுக்கும் வழியும்

வாய் துர்நாற்றம் பெரும்பாலும் வயிற்றிலிருந்து எழுவதில்லை. நாக்கின் பின்பகுதியிலும் பல்லிடுக்குகளிலும் தங்கியிருக்கும் பாக்டீரியாக்கள், உணவுத் துணுக்குகளிலும் உதிர்ந்த செல்களிலும் உள்ள புரதத்தைச் சிதைக்கும்போது வெளியாகும் கந்தகச் சேர்மங்களே அதற்கு முதன்மைக் காரணம். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால்தான் காலையில் நாற்றம் மிகுகிறது.

ஆகவே, ஃபுளோரைடு கலந்த பற்பசையால் நாளுக்கு 2 முறை, ஒவ்வொரு முறையும் 2 நிமிடம் பல் துலக்குவதோடு, பலரும் மறந்துவிடும் நாக்கின் பின்பகுதியையும் நாக்கு வழிப்பானால் மென்மையாக வழித்தெடுங்கள். பல்லிடுக்குகளுக்குத் துலக்கியின் இழைகள் எட்டுவதில்லை என்பதால், அவற்றைத் தினமும் ஃபிளாஸ் நூலால் சுத்தம் செய்வது அவசியம். போதிய அளவு தண்ணீர் அருந்துங்கள், புகையிலையைக் கைவிடுங்கள்.

சில வாரங்களுக்குப் பிறகும் நாற்றம் நீடித்தாலோ ஈறில் இரத்தம் கசிந்தாலோ, கூச்சப்படாமல் பல் மருத்துவரை அணுகுங்கள். ஈறு நோயை மவுத்வாஷ் மட்டும் குணப்படுத்தாது.