தவறான மருந்தால் பாதிப்பு: முதல் மணி நேரம் முதல் புகார் வரை

மருந்து மாறிவிட்டது அல்லது அளவு கூடிவிட்டது என்று தெரிந்ததும் ‘யார் செய்த தவறு?’ என்றுதான் மனம் துடிக்கும். அந்தக் கேள்வியை இரண்டு நாள் தள்ளிவையுங்கள். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்ற மூன்றுக்கும் முதலில் விடை வேண்டும். சிகிச்சை அதை வைத்துத்தான் முடிவாகும். பின்னால் எழுதும் புகாருக்கும் அதுதான் அஸ்திவாரம்.

மூச்சுத் திணறல், முகம் அல்லது நாக்கு வீக்கம், வலிப்பு, தட்டி எழுப்பியும் தெளியாத மயக்கம், நிற்காத ரத்தப்போக்கு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸை அழையுங்கள். எதுவும் இல்லையென்றாலும் மருத்துவரையோ நச்சு முறிவு ஆலோசனை மையத்தையோ அப்போதே போனில் கேளுங்கள். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். நினைவு மங்கியவருக்கு வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும்.

‘ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று காத்திருந்து கெட்டவர்கள் நிறைய. பாராசிட்டமால் அளவு மீறினால் முதல் 24 மணி நேரம் பெரிதாக ஒன்றும் தெரியாமலே கல்லீரல் பாதிக்கப்படலாம். அதற்கான முறிவு மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் தரும். மருந்தை விழுங்கி 4 மணி நேரம் ஆன பிறகு எடுக்கும் ரத்தப் பரிசோதனையை வைத்தே முடிவெடுப்பார்கள் என்பதால் விழுங்கிய நேரம் முக்கியம். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் இன்னொரு வகை. குளுக்கோஸ் கொடுத்துத் தெளிந்தவருக்குச் சில மணி நேரம் கழித்துச் சர்க்கரை மறுபடி இறங்கலாம். ஒரு இரவாவது கண்காணிப்பில் வைக்கச் சொன்னால் மறுக்காதீர்கள்.

மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் தரும் மெத்தோட்ரெக்சேட்டை வாரத்துக்கு ஒரு முறைதான் எடுக்க வேண்டும். அதைத் தினமும் விழுங்கிவிடுவது உலகெங்கும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு. வாய்ப்புண், காய்ச்சல், தோலில் ரத்தத் திட்டுகள் எல்லாம் நாட்கள் கழித்தே வரும். அவை வரும்வரை பார்க்காமல் தெரிந்த அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இதற்கு முறிவு மருந்து ஃபோலினிக் அமிலம். வீட்டில் இருக்கும் ஃபோலிக் அமில மாத்திரை அதற்கு ஈடாகாது.

ஒரு மருந்து தவறிவிட்டதே என்று பயந்து மற்ற மருந்துகளையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு, பீட்டா பிளாக்கர் வகை இதய மருந்து ஆகியவற்றைத் திடீரென நிறுத்துவது தனி ஆபத்து.

உடலுக்கு ஆக வேண்டியது நடந்துகொண்டிருக்கும்போதே வீட்டில் ஒருவர் சான்றுகளைத் திரட்டட்டும். மாத்திரை அட்டை, டப்பா, மருந்துச் சீட்டு, ரசீது, சிரிஞ்சு, சிரப் அளக்கும் மூடி எதையும் எறியாதீர்கள். பெயர், மில்லிகிராம், பேட்ச் எண், காலாவதி தேதி தெரியும்படி படம் எடுங்கள். இன்சுலின் என்றால் பாட்டிலோடு சிரிஞ்சையும் சேர்த்து வையுங்கள். மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினை மில்லிக்கு 40 யூனிட் இன்சுலினுக்கான சிரிஞ்சில் ஏற்றினால் 20 கோடு வரை இழுத்தாலே 50 யூனிட் உள்ளே போய்விடும். மீதி மாத்திரைகளை எண்ணுங்கள். 30 வாங்கி, 4 நாளில் 18 மிச்சம் இருந்தால் நாளுக்கு 3 போயிருக்கிறது. ‘கொண்டு வாங்க, மாத்தித் தர்றோம்’ என்று கடையில் சொன்னால் படத்தை மட்டும் காட்டுங்கள், மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்.

அன்றைக்கே ஒரு தாளில் நேரவாரியாக எழுதுங்கள். எத்தனை மணிக்கு எது கொடுக்கப்பட்டது, எப்போது என்ன மாறியது, யார் என்ன சொன்னார்கள் என்பதோடு நிறுத்துங்கள். ஊகமும் கோபமும் அந்தத் தாளில் வேண்டாம். ஒரு வாரம் போனால் யாருக்கும் நேரம் நினைவிருக்காது.

மருத்துவமனையில் நடந்த தவறு என்றால் டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. அதில் தவறைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் போகலாம். மருத்துவர் எழுதிய உத்தரவுகள், மருந்து கொடுத்த நேரத்தோடு நர்ஸ் கையெழுத்திடும் சார்ட், நர்ஸ் குறிப்புகள், லேப் முடிவுகள் என்று பெயர் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்ட தேதியும் முத்திரையும் வாங்குங்கள்.

பிறகு பொறுப்பான மருத்துவரோடு நேரில் பேச நேரம் கேளுங்கள். கூடவே ஒருவரை அழைத்துப் போங்கள், அவர் குறிப்பெடுக்கட்டும். என்ன கொடுத்திருக்க வேண்டும், என்ன கொடுக்கப்பட்டது, இனி எந்தப் பரிசோதனை எத்தனை நாளைக்கு, அந்தச் செலவு யாருடையது, அடுத்தவருக்கு இது நடக்காமல் எதை மாற்றப்போகிறீர்கள் என்று கேளுங்கள். ‘இது பக்கவிளைவுதான்’ என்று பதில் வந்தால், ‘சரியான மருந்தை, சரியான அளவில் கொடுத்தும் வந்ததா?’ என்று கேளுங்கள். பக்கவிளைவையும் தவறையும் பிரிப்பது அந்தக் கேள்விதான்.

திருப்தி இல்லையென்றால் மருத்துவமனை நிர்வாகம், மருத்துவர் அல்லது மருந்தாளுநர் கவுன்சில் என்று மேலே போகலாம். மருந்துப் பாதிப்புகளைப் பதிவுசெய்யும் அரசு அமைப்புக்கு எழுத உறுதியான நிரூபணம் தேவையில்லை, சந்தேகமே போதும். இழப்பீடு வேறு. தவறு நடந்ததைக் காட்டினால் மட்டும் போதாது, அதனால்தான் கேடு வந்தது என்றும் காட்ட வேண்டும். அதனால் சம்பவத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைகளையும் தேடி எடுங்கள். வழக்குக்குக் காலவரம்பு உண்டு, வக்கீலைச் சீக்கிரம் பாருங்கள். பணம் தந்து ‘இனி எதுவும் கோரமாட்டேன்’ என்று கையெழுத்துக் கேட்டால், வக்கீல் படிக்கும் முன் போடாதீர்கள்.

கடைசியாக, பலர் கவனிக்காத ஒன்று. அளவு கூடியதால் வந்த பாதிப்பை மருத்துவப் பதிவில் ‘அலர்ஜி’ என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் உயிர் காக்க வேண்டிய நேரத்தில்கூட அந்த மருந்தைத் தரத் தயங்குவார்கள். ‘அளவுத் தவறு’ என்று திருத்தி எழுதச் சொல்லுங்கள். உண்மையிலேயே அலர்ஜிதான் என்றால் மருந்தின் மூலப்பெயரையும் என்ன ஆயிற்று என்பதையும் சீட்டில் எழுதிப் பர்சில் வையுங்கள். கம்பெனி வைத்த பெயர் மட்டும் போதாது, ஒரே மருந்து பல பெயரில் வருகிறது.