பழைய கேம் பாய் ஸ்க்ரீன் மாத்தப் போறீங்களா? ஒரிஜினலா, இப்ப வர்ற லைட் வெச்ச ஸ்க்ரீன் கிட்டா? வாங்குறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

கேம் பாய் மாதிரி பழைய கையடக்க கேம் மிஷின்ல ஸ்க்ரீன் போச்சுன்னு யாராவது சொன்னா நான் முதல்ல கேக்குறது, அதுல எது போச்சுன்னுதான். நாம ஸ்க்ரீன்னு ஒரே பேர்ல சொல்றது உண்மையில நாலு பார்ட். மேல பிளாஸ்டிக் லென்ஸ், கீழ எல்சிடி கண்ணாடி, அந்தக் கண்ணாடி மேல ஒட்டியிருக்குற, படத்தைக் கண்ணுக்குத் தெரிய வைக்கிற போலரைசர் ஃபிலிம், அப்புறம் போர்டுக்குப் போற ரிப்பன் கேபிள். லென்ஸ்ல கீறல் விழுந்ததுக்கு நல்லா இருக்குற ஒரிஜினல் எல்சிடியவே கழட்டிப் போடுறாங்க, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு, ஏன்னா அந்த எல்சிடி இனிமே யாரும் புதுசா செய்யப் போறதில்ல.

அதனால ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி என்ன கோளாறுன்னு பாருங்க. 1989ல வந்த முதல் கேம் பாய்ல மேலிருந்து கீழா சில கோடு மட்டும் காணாமப் போயிருந்தா பெரும்பாலும் எல்சிடி சாகல, கண்ணாடியோட கீழ் ஓரத்துல ரிப்பன் ஒட்டியிருக்குற இடம் விட்டுப் போச்சு, அவ்வளவுதான். மிஷினை ஆன்லயே வெச்சு, குறைஞ்ச சூட்டுல சால்டரிங் அயர்ன் முனைய அந்த ரிப்பன் ஓரமா மெதுவா ஓட்டுனீங்கன்னா கோடு ஒண்ணொண்ணா திரும்பி வர்றத கண்ணால பாக்கலாம். ஒரே இடத்துல நிறுத்தி அழுத்தக் கூடாது, ரிப்பன் கருகிடும். படுக்கை வாட்டுல கோடு போயிருந்தா சரி பண்றது ரொம்பவே கஷ்டம், அதுக்கு வேற எல்சிடி தேடுறதுதான் வழி. நடுவுல கருகுன மாதிரி கறை இருந்தா அது பெரும்பாலும் வெயில்ல கிடந்து போலரைசர் எரிஞ்சது, பழைய ஃபிலிமை உரிச்சு பசையைச் சுத்தம் பண்ணிட்டு புது ஃபிலிம் ஒட்டிக்கலாம். படம் மங்கலா இருக்கா, சைடுல இருக்குற கான்ட்ராஸ்ட் வீலை முதல்ல நாலு தடவை முன்ன பின்ன உருட்டிப் பாருங்க.

செகா கேம் கியர் வெச்சிருக்கவங்களுக்குத் தனியா சொல்லணும். அதுல படம் மங்கிப் போய் சத்தமும் குறைஞ்சிருந்தா முக்கால்வாசி போர்டுல இருக்குற கெப்பாசிட்டர்ங்கிற சின்ன பார்ட்டோட லீக்தான். அதை மாத்தாம புது ஸ்க்ரீன் கிட் போட்டா காசும் போகும், லீக்கான திரவம் போர்டையும் அரிச்சுக்கிட்டே இருக்கும். ரெண்டு ஸ்க்ரீன் உள்ள நின்டெண்டோ டிஎஸ் லைட்ல படம் நல்லா வந்து டச் மட்டும் தள்ளி வேலை செஞ்சா முதல்ல செட்டிங்ஸ்ல டச் கேலிப்ரேஷன் பண்ணிப் பாருங்க, அதுக்கும் சரியாகலேன்னா டச் ஷீட் மட்டும் தனியா கிடைக்குது.

சரி, எல்சிடியே உடைஞ்சிருச்சு, இல்ல ஒண்ணும் ஆகல ஆனா லைட் வேணும்னு ஆசை. இப்பதான் ஒரிஜினலா கிட்டாங்கிற கேள்வி வருது.

கேம் பாய் கலரும் 2001ல வந்த கேம் பாய் அட்வான்ஸும் லைட் இல்லாத ஸ்க்ரீன், வெளிய இருந்து விழுற வெளிச்சத்தைத் திருப்பி அடிச்சுதான் படம் காட்டும். வெயில்ல அது காட்டுற அழகு தனி, ராத்திரி ரூம்ல ஒண்ணுமே தெரியாது. அந்த இருட்டுக்காகவே அட்வான்ஸ் கேம்ஸ் நிறையதுல கலரை வேணும்னே தூக்கலா வெச்சிருந்தாங்க, அதே கேமை பளிச்சுனு இருக்குற ஐபிஎஸ்ல (கிட்ல வர்ற புது வகை எல்சிடி) போட்டா வெளுத்த மாதிரி தெரியறது அதனாலதான், கிட்டு மேல தப்பில்ல. கலர் மோட் மாத்துற வசதி உள்ள கிட் வாங்குனா இதைக் கொஞ்சம் சரிக்கட்டலாம்.

இன்னொண்ணு நிறைய பேர் கவனிக்காதது. பழைய எல்சிடி மெதுவா மாறும், போன ஃபிரேமோட, அதாவது முந்தின படத்தோட, நிழல் கொஞ்ச நேரம் நிக்கும். இதை நம்பியே கேம் பண்ணவங்க ஒரு வேலை பண்ணாங்க, நிழலையோ புகையையோ ஒரு ஃபிரேம் விட்டு ஒரு ஃபிரேம் வரைஞ்சா பழைய ஸ்க்ரீன்ல ரெண்டும் கலந்து பாதி தெரியற நிழலா வரும். ஐபிஎஸ் வேகமா மாறுறதால அங்க அது பளிச் பளிச்னு சிமிட்டும். இது கண்ணை உறுத்துற ஆளா இருந்தா ஒரிஜினலே வெச்சுக்கோங்க, இல்ல ரெண்டு ஃபிரேமையும் கலந்து காட்டுற ஃபிரேம் பிளெண்டிங் இருக்குற கிட்டா தேடுங்க. ஆனா வேகமா ஓடுற கேம்ஸ்ல பழைய ஸ்க்ரீன் இழுவி இழுவிக் காட்டுறத பாத்துட்டு ஐபிஎஸ் பாத்தா திரும்பிப் போக மனசு வராது, அதையும் சொல்லிடணும்.

மடிக்கிற மாடலான கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி வாங்குறவங்களுக்கு நடுவுல ஒரு நல்ல வழி இருக்கு. 2003ல வந்த ஏஜிஎஸ்-001 மாடல்ல லைட் முன்பக்கத்துல இருந்து அடிக்கும், 2005ல வந்த ஏஜிஎஸ்-101ல பின்னாடி இருந்து. பிரைட்னஸ் பட்டனை அழுத்துனா லைட் முழுசா அணைஞ்சா 001, மங்கி மட்டும் போச்சுன்னா 101. அந்த 101 ஸ்க்ரீன் ஒரிஜினல்லயே அவ்வளவு நல்லா இருக்கும், அதைக் கழட்டி ஐபிஎஸ் போடாதீங்கன்னு கெஞ்சியே கேக்குறேன்.

"புது ஒரிஜினல்"னு போட்டு விக்கிறதப் பாத்தா நிதானமா இருங்க. உற்பத்தி நின்னு எத்தனையோ வருஷம் ஆன மிஷினுக்கு அப்படிக் கிடைக்கிறது பெரும்பாலும் வேற மிஷின்ல இருந்து கழட்டுனது. கழட்டுனதா இருக்கறதுல தப்பே இல்ல, மறைச்சு விக்கிறதுதான் தப்பு. ரிப்பன் முனையோட போட்டோ கேளுங்க, தங்கக் கலர் பட்டைல கனெக்டர் கடிச்ச தடம் இருந்தா ஏற்கனவே மாட்டுனது. ஆன் பண்ணி எரியற போட்டோவும் கேளுங்க. டிஎஸ்ல ஒரு ஸ்க்ரீன் மட்டும் மாத்துனா மேல ஒண்ணு மஞ்சளா கீழ ஒண்ணு நீலமா தெரியலாம், முடிஞ்சா ஜோடியா மாத்துங்க. சோனி பிஎஸ்பியில 1000, 2000, 3000 மூணு மாடலுக்கும் ஸ்க்ரீன் வேற வேற, மாடல் நம்பர் பாக்காம வாங்கவே கூடாது.

கிட் வாங்கறதுன்னா பிக்ஸல் கணக்கு பாருங்க. அட்வான்ஸ் 240க்கு 160, கிட் ஸ்க்ரீன் 720க்கு 480 இருந்தா சரியா மூணு மடங்கு, ஒவ்வொரு பழைய பிக்ஸலும் சுத்தமான சதுரமா வரும். முழு எண்ணா வரலேன்னா எழுத்து ஓடும்போது சில வரி தடியா சில வரி மெலிசா நெளியும், பாத்துட்டா அப்புறம் கண்ணுல அதுதான் படும். அப்புறம் அட்வான்ஸ் போர்டுல 32 பின், 40 பின்னு ரெண்டு வகை இருக்கு, திறந்து கனெக்டரை எண்ணிப் பாத்துட்டு வாங்குங்க, சில கிட்ல ரெண்டு ரிப்பனும் சேத்தே குடுக்குறாங்க.

ரொம்ப முக்கியமானது ஷெல், அதாவது வெளிக்கூடு. நிறைய கிட்டுக்கு உள்பக்க பிளாஸ்டிக்கை வெட்டணும். வெட்டுனா ஒட்ட முடியாது, ஒரிஜினல் ஷெல்லை மட்டும் வெட்டாதீங்க, ஐபிஎஸ்க்குன்னே அச்சு வார்த்த ஷெல் தனியா கிடைக்குது, அதுல மாட்டிட்டு பழசை அப்படியே எடுத்து வைங்க. கண்ணாடியோட சேத்து ஒட்டி வர்ற லேமினேட்டட் கிட்டுக்கு என் ஓட்டு, நடுவுல தூசி போகவே போகாது.

மாட்டும்போது பேட்டரியைக் கழட்டிட்டு, பின்னாடி இருக்குற ஒய் வடிவ ஸ்க்ரூவுக்கு அதுக்கான டிரைவரே போடுங்க, வேற எதையாவது வெச்சுத் திருகுனா தலை வழுக்கிடும். ரிப்பனை இழுக்குறதுக்கு முன்னாடி கனெக்டரோட சின்ன லாக்கை ரெண்டு பக்கமும் சமமா நகத்தால தள்ளுங்க, ஒரு பக்கமா தள்ளுனா காது உடைஞ்சிடும், அது உடைஞ்சா ஸ்க்ரீன் கோளாறை விடப் பெரிய தலைவலி. புது ரிப்பனை நேரா கடைசி வரைக்கும் சொருகி லாக் பண்ணுங்க. கிட்டோட பின்பக்கத்துக்கும் மதர்போர்டுக்கும் நடுவுல இன்சுலேஷன் டேப் கண்டிப்பா ஒட்டுங்க, போர்டுல நீட்டிக்கிட்டு இருக்குற கால் பட்டா ஷார்ட் ஆயிடும். மூடறதுக்கு முன்னாடி ஒரு கேம் போட்டு ஓட்டிப் பாருங்க, முழு வெள்ளை, முழு கறுப்பு ரெண்டுலயும் டெட் பிக்ஸல் இருக்கான்னு பாத்துட்டு, எல்லாம் சரின்னா மட்டும் பாதுகாப்பு ஃபிலிமை உரிங்க, உரிச்சுட்டா திருப்பி எடுக்க மாட்டேன்னு சொல்ற கடைங்க இருக்கு.

அட்வான்ஸ்ல கிட் மாட்டுனதுக்கப்புறம் புது பேட்டரி போட்டும் பச்சை லைட் சீக்கிரம் சிவப்பாகுதா, பிரைட்னஸ் ஏத்துனா ரீசெட் ஆகுதா, உடனே கிட்டைத் திட்டாதீங்க. பேக்லைட் கூடுதல் கரண்ட் இழுக்கும், பழைய பவர் ஸ்விட்ச்ல அழுக்கு படிஞ்சிருந்தா அங்கயே வோல்டேஜ் குறையும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ரெண்டு சொட்டு விட்டு ஸ்விட்சை பல தடவை முன்ன பின்ன தள்ளுங்க, பேட்டரி தகடையும் துடைங்க. ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட்தான், சாதா செல் 1.5, அதனாலயும் சிவப்பு முன்கூட்டியே வரும். இதுக்கெல்லாம் அடங்கலேன்னா பிரைட்னஸை ரெண்டு படி இறக்கி ஓட்டிப் பாருங்க, அப்பவும் ரீசெட் ஆச்சுன்னா ஸ்விட்சையே மாத்திடுங்க.